தகரத் தொப்பி கழற்றிய விளக்கு

அன்று அந்தி நேரத்தில் தாயில்பட்டி வீட்டுத் தோட்டத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், உன் அக்கா பூரணம், என் அண்ணன், அதாவது உன் மாமா, அவர் பெண்சாதி காளியம்மாள், வேலிக்கு அந்தப் பக்கம் காய்ந்த துணியை எடுக்க வந்த ரோசம்மாள் டீச்சர். வேறு ஒரு ஈ காக்கை இல்லை. உன் அப்பா சிவகாசியில் பிரஸ்ஸில் இருந்தார். நீ விருதுநகரில் ஆஸ்டலில் இருந்தாய். இருந்தவர்கள் எல்லாருக்கும் பெயர் எழுதிவிட்டு உன் மாமாவுக்கு மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன் என்பதைக் கவனித்திருப்பாய். மூத்தவர் பெயரைச் சொல்லக் கூடாது என்கிற மரியாதையால் இல்லை. அந்தப் பெயரை எங்கே எழுத வேண்டுமோ அங்கே எழுதுவேன்.

உன் கடிதம் வந்தது. யாரிடமும் வாசிக்கக் கொடுக்கவில்லை, நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் பெற்ற மகன் எழுத்து எனக்குப் பிடிபடும். புது வீட்டுக்குப் பின்னால் மல்லிகை வைத்திருக்கிறாய், வாழை வைத்திருக்கிறாய், பொழுது சாய்ந்தபின் ஆபீசிலிருந்து வந்து மருமகளோடும் பேத்தியோடும் அங்கே உட்கார வசதியாக மூலைக்கு மூலை விளக்குப் போடப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். வாசிக்கச் சந்தோஷமாக இருந்தது. பால் காய்ச்சும் அன்று மாமா கையால்தான் அந்த விளக்குக்குச் சுவிட்சுப் போடச் சொல்லியிருக்கிறேன், அவருக்கும் உடம்பு முடியவில்லை, பழையதையெல்லாம் மறந்துவிட்டு நீயும் வரவேண்டும் என்று எழுதியிருந்தாய். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். அதற்குக் கீழே, பேத்தி வத்திப்பெட்டியை எடுத்து விளையாடினாள், ‘பூரணம் அத்தை மாதிரிக் கருகிப் போவாய்’ என்று சொல்லி அதட்டினேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. ஊர் சொல்லலாம். அங்கே இல்லாத நீயும் அதையே நம்பிக்கொண்டு, உன் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கிறாயே ராசா. உன்னிடம் இதையெல்லாம் விவரமாகப் பேசாமல் இருந்தேன். பேசினால் அழுகை வரும், அழுதால் பேச்சு நிற்கும். கடிதத்தில் அழுதாலும் துடைத்துவிட்டு அடுத்த வரியை எழுதலாம் அல்லவா.

நம் தோட்டம் எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. தோட்டம் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். துவைகல்லுக்குப் பின்னால் சின்ன இடம். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் போய்ப் போய் அங்கே இரண்டு வாழை எழும்பியிருந்தது. ஒரு பிச்சிப் பந்தல், வேலி ஓரம் அந்திமந்தாரை, மூலையில் ஒரு பவளமல்லி. கரிசல் பூமியில் அவ்வளவு பச்சையைப் பிழைக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் பச்சையை நான் கண்ணால் பார்த்ததே அபூர்வம். இருட்டோடு பட்டாசுக் கம்பெனிக்குப் போனால் இருட்டோடுதான் திரும்புவேன். அந்திமந்தாரை என்ன நிறத்தில் பூத்தது என்று ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றால், அன்றும் அது இருட்டுகிற நேரத்தில்தான் வாய் திறக்கும். பிச்சி மொட்டை வாசனையை வைத்தும் விரலை வைத்தும்தான் பறிப்பேன். ஒரு சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு போகலாமே என்று நீ கேட்பாய். நம் தெருவில் அது முடியாது. பாதி வீட்டில் திரி காயும், மீதி வீட்டில் வெடிச் சரம் கிடக்கும். அடுப்பு நெருப்பு அடுப்பங்கரையை விட்டு வெளியே வரக் கூடாது என்பது நம் தெருவுக்குச் சட்டம். பீடி குடிக்கிறவர்கள்கூட ஊர் எல்லைக்குப் போய்க் குடித்துவிட்டு, கையை மண்ணில் தேய்த்துவிட்டுத்தான் தெருவுக்குள் வருவார்கள். வெளிச்சம் என்றால் நிலா, அது இல்லாவிட்டால் இருட்டு. அப்படித்தான் இருந்தோம்.

அப்புறம் நம் தெருவுக்குக் கரண்டு வந்தது. எல்லாரும் வீட்டுக்குள்ளே ஒரு பல்பு போட்டார்கள். உன் அப்பா உள்ளே ஒன்று போட்டுவிட்டு, தோட்டத்துக்கு என்று வயரை இழுத்தார். “வீட்டுக்குள்ள இருக்குற மூஞ்சியைத்தான் தெனமும் பாக்குறமே, நீ செடியைப் பாரு” என்று சொன்னார். அந்த மனிதர் என்னிடம் கொஞ்சிப் பேசியவர் இல்லை, அவர் பேச்சில் கொஞ்சல் என்றால் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். பிரஸ்ஸிலிருந்து காலியான மை டப்பாக்களைக் கொண்டுவந்து, வெட்டி, மடக்கி, பல்புக்குத் தொப்பி மாதிரி மாட்டினார். ஒரு விளக்கை வாழைக்குப் பின்னால் தாழ வைத்தார். இன்னொன்றைப் பிச்சிப் பந்தலுக்கு அடியில் கட்டினார். “என்னங்க, விளக்கே தெரியலையே?” என்று நான் கேட்டேன். “விளக்கைப் பாக்கவா விளக்குப் போடுறோம்? செடியைப் பாக்கத்தான?” என்றார்.

முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் வாழையிலை பின்பக்கமாக வெளிச்சம் வாங்கிப் பச்சைக் கண்ணாடி மாதிரி நின்றது. அந்திமந்தாரை அத்தனையும் கண்ணை விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அதில் பாதி மஞ்சள், பாதி சிவப்பு என்று எனக்கு அன்றுதான் தெரியும். உன் அக்கா வாழை நிழல் சுவரில் ஆடுவதைப் பார்த்துவிட்டு, “அம்மா, நம்ம செடிக்கு ராத்திரிலயும் நெழல் இருக்கும்மா!” என்று கத்தினாள். அந்தச் சத்தத்திலும் வெளிச்சத்திலும் பக்கத்து வீட்டுச் சேவல் விடிந்துவிட்டது என்று நினைத்துக் கூவ ஆரம்பித்தது. ரோசம்மாள் டீச்சர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, “என்ன மதினி, பூவுக்கெல்லாம் நைட் ஸ்கூல் நடத்துறீகளா?” என்று கேட்டார். “நடத்துறோம், வாத்தியார் இல்ல, நீங்க வாங்க” என்றாள் பூரணம். அவள் வாய் அப்படி. தாவணி போட ஆரம்பித்த வயசு. அன்றிலிருந்து கொஞ்ச நாள், வேலை விட்டு வந்ததும் நானும் அவளும் துவைகல் மேல் உட்கார்ந்து பிச்சி கட்டுவோம். ஒரு வேலையும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்போம். சும்மா உட்காருவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் ஆயுசில் நான் நன்றாக இருந்தேன் என்று சொன்னால் அந்தக் கொஞ்ச நாள்தான்.

உன் மாமா அப்போது கம்பெனிக்கு ஏஜெண்டு. வீடு வீடாகச் சரக்கைக் கொடுத்து வேலை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். வீட்டில் வைத்து வெடிமருந்து வேலை செய்யக் கூடாது, பொழுது சாய்ந்தபின் செய்யவே கூடாது என்று கம்பெனியில் போர்டு எழுதி வைத்திருக்கும். தீபாவளிச் சீசனில் அந்தப் போர்டு யார் கண்ணுக்கும் தெரியாது. ஒருநாள் அவர் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். “ஏ தாயி, இம்புட்டு வெளிச்சத்தை வச்சுக்கிட்டு பூவைப் பாத்துக்கிட்டு இருக்கியே, கிறுக்கா உனக்கு? ஆர்டர் கழுத்தை நெரிக்குது. இங்கன உக்காந்து சரம் பின்னுனா என்ன?” என்றார். “மருந்து வேலையை விளக்குக்குக் கீழயா அண்ணே?” என்றேன். “அது மண்ணெண்ணெய் விளக்குக்குச் சொல்லுறது. கரண்டுல நெருப்பு ஏது? கையை வச்சுப் பாரு, தீயா சுடுது?” என்றார். நம் ஊர்க்காரர்கள் எல்லாருமே அன்றைக்கு அப்படித்தான் நம்பினோம். திரி இல்லை, சுடர் இல்லை, புகை இல்லை, அப்புறம் என்ன நெருப்பு? வெடி மருந்தோடு பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தீக்குச்சியைப் பார்த்தால்தான் பயம், பல்பைப் பார்த்தால் பயமில்லை. நான் சரி என்றேன்.

உன் அப்பாவுக்கு இஷ்டமில்லை. ஆனாலும் பெண்சாதியின் அண்ணனிடம் சத்தம் போடத் தெரியாதவர். ஒன்றே ஒன்று சொன்னார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: “மச்சான், தொப்பியை மட்டும் களட்டிராதீக. எரிஞ்சுகிட்டு இருக்குற பல்பு மேல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாக் கூடத் தெறிச்சிரும். பிரஸ்ல பாத்திருக்கேன்.” அதற்கு உன் மாமா சிரித்தார். “நீங்க தாள்ல மை தடவுறவரு மச்சான். மருந்துக்காரனுக்கு நீங்க மருந்து சொல்லாதீக” என்றார். காளியம்மாள் மதினியும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அன்று ஐப்பசி மூட்டம். பொழுது முன்னாலேயே இருட்டிக்கொண்டு வந்தது. பந்தலுக்கு வெளியே சாக்கை விரித்து, சரத்தைக் குவித்து, நான்கு பேரும் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தோம். பந்தலுக்கு அடியில் இருந்த விளக்கை உன் மாமா வயரோடு இழுத்து, சரக்குக்கு நேர் மேலே ஒரு கம்பில் தொங்கவிட்டிருந்தார். “வெளிச்சம் கண்ணுல பத்தல. இந்தத் தொப்பி பாதியைத் தின்னுருது” என்று சொல்லிக்கொண்டே முக்காலியில் ஏறி, துண்டால் பிடித்துத் தொப்பியைக் கழற்றித் துவைகல் மேல் வைத்தார். அப்போதுதான் ரோசம்மாள் டீச்சர் துணி எடுக்க வந்தார். “அண்ணாச்சி, மழை வாற மாதிரி இருக்கே, அந்த மூடியைப் போட்டுருங்களேன்” என்றார். “டீச்சரம்மா, நீங்க பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுங்க, அது போதும்” என்றார் உன் மாமா. பூரணம் குனிந்துகொண்டு சிரித்தாள், டீச்சர் மாதிரியே முகத்தை வைத்துக் காட்டினாள். அவள் முகத்தை முழுசாக நான் பார்த்தது அதுதான்.

கொஞ்ச நேரத்தில் காற்று புரண்டது. நான் வாளியைக் கிணற்றடியிலிருந்து எடுத்து உள்ளே வைக்க எழுந்தேன். மதினி சாக்கு எடுக்க வீட்டுக்குள் போனாள். உன் மாமா வாசல்படியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் போட்டதும் அவர் கத்தினார்: “சரக்கு நனையுது! ஏ பூரணம், தார்ப்பாயைப் போடு புள்ள, ஓடு!” அவள் ஓடினாள். தார்ப்பாயின் இரண்டு முனையையும் இரண்டு கையால் இறுக்கிப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினாள். நான் திரும்பிப் பார்த்தேன். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பந்தல் பக்கம் இருண்டுபோனது. அந்த இருட்டு ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை, அதற்குள் வேறு வெளிச்சம் வந்துவிட்டது. அதை எழுத மாட்டேன். அந்த வெளிச்சத்திலும் அந்திமந்தாரை மஞ்சளும் சிவப்புமாகத் தெரிந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன், இன்றுவரை அந்தச் செடியை நான் ஏன் வைப்பதில்லை என்று உனக்குத் தெரியட்டும்.

லாரியில் போட்டுச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: “சரக்கு நனைஞ்சிருச்சாம்மா? மாமா வைவாகளே.” நனையவில்லை தாயி என்று சொன்னேன். பொழுது விடிவதற்கு முன்னால் அடங்கிவிட்டாள். கடைசியாக அவளைக் கழுவும்போது அவள் கையைப் பிரித்துப் பார்த்தேன். உடம்பெல்லாம் எப்படியோ இருக்க, உள்ளங்கை இரண்டும் பூ மாதிரி அப்படியே இருந்தது. தார்ப்பாயைப் பிடித்த பிடியை அவள் விடவே இல்லை. தீக்குச்சி கிழிக்கிறவளுக்கு ஒரு கையில் பெட்டி வேண்டும், ஒரு கையில் குச்சி வேண்டும். என் மகளுக்கு எத்தனை கை என்று நினைத்தார்கள்?

மறுநாள் விசாரணைக்கு ஆபீசர் வந்தார். நான் மூலையில் கிடந்தேன், காது கேட்டது. வீட்டில் ஏன் இவ்வளவு சரக்கு, நெருப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கம்பெனி ஆளும் பக்கத்தில் நின்றான். உன் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தீபாவளிக்கு வாங்கி வச்ச வெடி சார். பிள்ளை விளையாட்டாக் குச்சியைக் கிளிச்சிருச்சு.” அவ்வளவுதான். ஏஜெண்டு கொடுத்த சரக்கு இல்லை, கழற்றிய தொப்பி இல்லை, விளக்கே இல்லை. உன் அப்பா அப்போது சுடுகாட்டு வேலைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, ஹோல்டரில் கண்ணாடி இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்த பல்பின் பித்தளைக் கொண்டையைக் குறடால் பிடுங்கி எடுத்துக்கொண்டு ஆபீசர் பின்னாலேயே ஓடினார். எல்லாம் எழுதி முடிச்சாச்சு, போய்ப் பெண்சாதியைக் கவனி என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு உன் அப்பா வாயை மூடிக்கொண்டார். வயரை அறுத்தார். வீட்டுக்குள்ளே இருந்த பல்பைக்கூட அவர் கையால் போட்டதில்லை.

நம் ஊரில் வேறு எந்தப் பழியும் நாளாக ஆக மறந்துபோகும். மருந்துக்குப் பக்கத்தில் குச்சி கிழித்தவள் என்கிற பழி போகாது. கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளை அடம்பிடித்தால் ‘பூரணம் வாரா’ என்று பயம் காட்டினார்கள். என் காதுபடவே சொன்னார்கள். இரண்டு கையிலும் தார்ப்பாய் முனையோடு போனவளைப் பூச்சாண்டி ஆக்கினார்கள். இப்போது என் பேத்திக்கும் அவள் பூச்சாண்டி.

உன் மாமா போன மாசம் இங்கே வந்தார். கம்பை ஊன்றிக்கொண்டுதான் நடக்கிறார். உட்காரச் சொன்னேன், காப்பி கொடுத்தேன். “மனசுல எதையும் வச்சுக்காத தாயி, நான் போற காலம்” என்றார். “தொப்பியைக் களட்டுனதை நான் அன்னைக்கே மனசுல வைக்கல அண்ணே. எல்லாருந்தான் கரண்டுல நெருப்பு இல்லன்னு நம்புனோம். பூரணம் குச்சி கிளிக்கலைன்னு மட்டும் ஊருக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிருங்க” என்றேன். காப்பியைக் கீழே வைத்துவிட்டார். “செத்த பிள்ளைக்கு எந்தப் பேரு இருந்தா என்னத்தா? என் மகன் அதே கம்பெனில இருக்கான். பழசைக் கிண்டாத” என்றார். சரி அண்ணே என்றேன். வண்டி வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டுத்தான் வந்தேன். அங்கிருந்து உன்னிடம் வந்துதான் சுவிட்சுப் போட ஒத்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

நீ விளக்குப் போடு. வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. வேலை விட்டு வருகிறவர்களுக்குத் தோட்டம் அந்திக்கு மேல்தான் கிடைக்கும். பல்பைத் தாழ வை, கண்ணில் படாமல் இலைக்குப் பின்னால் மறைத்து வை. தொப்பி போடாமல் எந்த விளக்கையும் வானத்துக்குக் கீழே வைக்காதே. கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் கட்டாதே. சுவிட்சு வீட்டுக்குள்ளே இருக்கட்டும், செடிக்குத் தண்ணீர் விட்ட கையோடு தொடாதே. படுக்கப் போகும்போது அணைத்துவிடு, செடிக்கும் கொஞ்சம் இருட்டு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த வெளிச்சத்துக்குக் கீழே வேலை எதையும் கொண்டுவந்து வைக்காதே. ஆபீஸ் காகிதத்தைக்கூட வைக்காதே. யார் வந்து கேட்டாலும், எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும், இது உட்கார மட்டும்தான் என்று சொல். அந்த ஒரு வார்த்தையை நான் அழுத்திச் சொல்லியிருந்தால் உனக்கு அக்கா இருந்திருப்பாள்.

பால் காய்ச்ச நான் வருவேன். பிச்சி கட்டிக்கொண்டு வருவேன். பேத்தியை இடுப்பில் வைத்து, அவள் விரலைப் பிடித்து, சுவிட்சை அவளைப் போட வை. வாழையிலை வெளிச்சம் வாங்கும்போது அவளிடம் சொல்: இப்படி ஒரு விளக்கை முதன்முதலில் பார்த்துக் கத்தியவள் உன் பூரணம் அத்தை, நனைகிற சரக்கை மூடப் போனவள், குச்சியைத் தொடாதவள். அந்த நேரம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல். உன் மாமாவும் கூட்டத்தில் இருப்பார், கேட்கட்டும். அவரை வரவேண்டாம் என்று சொல்லாதே. பந்தியில் உட்கார வை, நானே இலையில் சோறு போடுவேன். ரோசம்மாள் டீச்சர் அன்று ஆபீசரிடம் வாய் திறக்காமல் நின்றுவிட்டு, மறுநாள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார், அவரை மன்னித்துவிட்டேன். காளியம்மாள் எல்லாம் தெரிந்தும் புருஷனுக்குப் பயந்தாள், வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு வந்து என் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் படுத்துக் கிடப்பாள், அவளையும் மன்னித்தேன். ஆபீசர் பின்னால் ஓடிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்த உன் அப்பாவை மன்னித்தேன். தூறலை, கரண்டை, தொப்பியைக் கழற்றிய கையைக்கூட மன்னித்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு என் மகள் மேல் அந்த ஒரு வார்த்தையைப் போட்ட வாயை மன்னிக்க மாட்டேன். இங்கேயும் மாட்டேன், செத்தபின் எங்கே போனாலும் மாட்டேன். அந்த வாய்க்காரன் பெயர் சுப்பையா.